கேள்வி கேட்பவன் யார் பக்கம்? டெலிவிஷன் பத்திரிகையாளர் ரவீஷ் குமாரின் 26 ஆண்டுகள்

(திருப்போரூரில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய வாசகர் கூட்டத்தில், கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை.)



காலையில் நடவுக்குப் போய், காலில் ஒட்டிய சேற்றைக் கழுவிவிட்டு நேராக இங்கே வந்திருக்கும் தாய்மார்களைப் பார்க்கிறேன். இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் இரவு ஷிப்டுக்குப் பஸ் பிடிக்க வேண்டிய ஆலைத் தோழர்களையும் பார்க்கிறேன். ஆகவே நீட்டி முழக்க மாட்டேன். நான் பத்தாவது வரை படித்தவன். டெலிவிஷன் என்ற கலையைப் பற்றிப் பிரசங்கம் செய்யும் பண்டிதன் அல்ல. ஆனால் அந்தப் பெட்டிக்கு முன்னால் உங்களோடு உட்கார்ந்து செய்தி பார்த்தவன். அந்தப் பெட்டியில் நம்முடைய கதை எப்படி வருகிறது, எப்படி வராமல் போகிறது என்பதை அனுபவித்தவன். அந்த உரிமையில் பேசுகிறேன்.

ஒரு சம்பவத்தைச் சொல்லி ஆரம்பிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நம் ஜில்லாவில் ஓர் ஆலையில் காண்டிராக்ட் தொழிலாளர்களைத் திடீரென்று வெளியே நிறுத்தினார்கள். அவர்கள் கேட்டுக்கு எதிரே பன்னிரண்டு நாள் வெயிலில் உட்கார்ந்தார்கள். ஒரு நிருபரும் எட்டிப் பார்க்கவில்லை. பதின்மூன்றாம் நாள் சாலையில் உட்கார்ந்தார்கள். உடனே காமிராவோடு வண்டி வந்தது. எங்கள் தோழர் ஒருவர் பத்து நிமிஷம் பேசினார். சம்பளம் எவ்வளவு, பாக்கி எவ்வளவு, எத்தனை குடும்பம் என்று விவரமாகச் சொன்னார். அன்றிரவு டீக்கடையில் கூடி நின்று பார்த்தோம். வந்தது இருபது விநாடி. அதிலே தோழரின் குரல் இல்லை. "சாலை மறியலால் போக்குவரத்து பாதிப்பு, பொதுமக்கள் அவதி" என்பதே செய்தி!

அந்த நிருபர் கெட்டவர் அல்ல. வெயிலில் எங்களோடு நின்றவர்தான். பிறகு ஒருநாள் சந்தித்தபோது தலையைக் குனிந்துகொண்டு, "நான் முழுவதும் அனுப்பினேன் அண்ணே, மேலே வெட்டிவிட்டார்கள்" என்றார். இந்த 'மேலே' என்பது எது? அங்கே உட்கார்ந்திருப்பவர் யார்? இன்று நான் பேசப்போகும் மனிதரின் வாழ்க்கை அந்தக் கேள்விக்கு ஒரு பதில். அவர் பெயர் ரவீஷ் குமார்.

சம்பாரண் மண்ணிலிருந்து

பீகாரில் கிழக்கு சம்பாரண் ஜில்லா. அங்கே ஜிதுவார்பூர் என்ற கிராமத்தைச் சேர்ந்தவர் ரவீஷ் குமார். 1974-ல் பிறந்தவர். விவசாயத் தோழர்களுக்குச் சம்பாரண் என்ற பெயர் தெரிந்திருக்க வேண்டும். வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் அங்கே குடியானவர்களை அவுரி பயிரிடச் சொல்லிக் கட்டாயப்படுத்தினார்கள். ஒவ்வொரு இருபது கட்டா நிலத்திலும் மூன்று கட்டாவில் அவுரிதான் போட வேண்டும். வயிற்றுக்குச் சோறு போடும் பயிர் வேண்டுமென்றாலும் கிடையாது. துணிக்குச் சாயம் போடும் அவுரிதான்! ராஜ்குமார் சுக்லா என்ற ஒரு குடியானவர் காந்தியைத் துரத்தித் துரத்திப் போய் அழைத்து வந்தார். 1917-ல் காந்தி அங்கே வந்தார்.

வந்தவர் என்ன செய்தார்? முதலில் கூட்டம் போட்டு முழங்கவில்லை. குடியானவர்களை உட்காரவைத்து, ஒவ்வொருவர் சொன்னதையும் எழுதிக்கொண்டார்கள். எந்த ஊர், எவ்வளவு நிலம், எவ்வளவு பிடுங்கினார்கள், யார் அடித்தார்கள் என்று ஆயிரக்கணக்கான வாக்குமூலங்கள் எழுதினார்கள். குறுக்கு விசாரணை செய்து சரிபார்த்த பிறகே ஏற்றுக்கொண்டார்கள். அந்தக் காகிதக் கட்டுக்கு முன்னால் சர்க்கார் நிற்க முடியவில்லை. 1918-ல் சட்டம் போட்டு அந்த அவுரிக் கட்டாயத்தை ஒழிக்க வேண்டியதாயிற்று. செய்தி சேகரிப்பது என்றால் இதுதான், தோழர்களே. வாயில்லாதவன் என்று நினைக்கப்பட்டவன் சொல்வதைக் கேட்டு, சரிபார்த்து, எழுதி, அதிகாரத்தின் மேசைமேல் வைப்பது.

கடிதம் பிரித்தவர்

ரவீஷ் குமார் பாட்னாவில் பள்ளிப் படிப்பை முடித்து, டில்லிக்கு வந்து சரித்திரம் படித்தார். 1996-ல் என்.டி.டி.வி. நிறுவனத்தில் சேர்ந்தார். பிரணாய் ராயும் ராதிகா ராயும் 1988-ல் தொடங்கிய நிறுவனம் அது. முதலில் தூர்தர்ஷனுக்கு நிகழ்ச்சி செய்து கொடுத்தார்கள். பிறகு 2003-ல் ஆங்கிலத்துக்கு ஒன்று, ஹிந்திக்கு ஒன்று என்று சொந்தச் சானல்கள் தொடங்கினார்கள்.

அங்கே ரவீஷ் குமாருக்குக் கிடைத்த முதல் வேலை காமிராவுக்கு முன்னால் நிற்பது அல்ல. நேயர்கள் எழுதிய கடிதங்களைப் பிரித்து அடுக்கும் வேலை! நாட்டின் மூலை முடுக்கிலிருந்து வரும் போஸ்ட் கார்டுகளையும் கவர்களையும் படித்து, வகை பிரித்து வைக்க வேண்டும். பிறகு மொழிபெயர்ப்பாளர், பிறகு தெருவில் இறங்கிச் செய்தி சேகரிக்கும் நிருபர், அப்புறம் இரவு ஒன்பது மணிக்கு நாடு பார்க்கும் 'பிரைம் டைம்' நிகழ்ச்சியின் முகம் என்று படிப்படியாக ஏறினார்.

எல்லாச் சானல்களிலும் அந்த இரவு ஒன்பது மணிக்கு என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். எட்டுப் பேரை எட்டுப் பெட்டியில் உட்காரவைத்துக் குழாயடிச் சண்டை நடத்துவார்கள். கோயில் பெரிதா மசூதி பெரிதா, நீ தேசபக்தனா துரோகியா என்று கூச்சல். விலைவாசி என்ன ஆயிற்று, வேலை எங்கே என்று கேட்பவர் இருக்க மாட்டார். இப்படி ஆளுகிறவரின் மடியில் ஏறி உட்கார்ந்த ஊடகத்துக்கு ரவீஷ் குமார் ஒரு பெயர் வைத்தார். 'கோதி மீடியா' என்றார். ஹிந்தியில் கோதி என்றால் மடி. மடியில் உட்கார்ந்த பிள்ளை தூக்கி வைத்திருப்பவரைக் கேள்வி கேட்குமா?

அவர் என்ன செய்தார்? 2017-ல் சர்வகலாசாலைகளின் நிலைமையைப் பற்றித் தொடர்ச்சியாக நிகழ்ச்சி நடத்தினார். ஆசிரியர் இல்லாத வகுப்புகளைக் காட்டினார். 2018-ல் வேலை பற்றி ஒரு தொடர். சர்க்கார் வேலைக்குப் பரீட்சை எழுதி, முடிவு வராமலும், தேறியும் நியமன உத்தரவு வராமலும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த இளைஞர்களின் கதையை நாள்தோறும் எடுத்துச் சொன்னார். அதே ஆண்டில் பாங்கு ஊழியர்களைப் பற்றி ஒரு தொடர். லீவு கிடைக்காமல், வாடிக்கையாளர் தலையில் இன்ஷூரன்ஸைக் கட்டச் சொல்லும் நெருக்கடியில் அவர்கள் படும் பாட்டைச் சொன்னார். இந்தச் செய்திகள் எல்லாம் எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர்கள் அவருக்கு எழுதியனுப்பியவை. 1996-ல் தபாலில் வந்த கடிதம், 2018-ல் வாட்ஸ்அப்பில் வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் வேலையை அவர் கடைசிவரை விடவில்லை.

இருட்டுத் திரை

2016 பிப்ரவரியில் டில்லி ஜவஹர்லால் நேரு சர்வகலாசாலை மாணவர் தலைவர் கன்னையா குமார் கைது செய்யப்பட்டார். அவரைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்த இடத்தில் மாணவர்களும் நிருபர்களும் தாக்கப்பட்டார்கள். பல சானல்கள் விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தன. பிப்ரவரி 19 இரவு ரவீஷ் குமார் தம் நிகழ்ச்சியில் திரையை இருட்டாக்கினார். படம் கிடையாது. மற்ற சானல்களில் கத்திய குரல்களை மட்டும் கேட்கவைத்தார். முகமும் வண்ணமும் இல்லாமல் அந்தக் குரல்களை மட்டும் கேட்டபோதுதான், நம் வீட்டுக்குள் தினமும் எது புகுந்துகொண்டிருக்கிறது என்பது பலருக்கு உறைத்தது.

அதே ஆண்டு நவம்பரில், பதான்கோட் தாக்குதல் பற்றிய ஒளிபரப்பைக் காரணம் காட்டி, என்.டி.டி.வி. இந்தியா சானல் நவம்பர் 9 அன்று ஒருநாள் ஒளிபரப்பை நிறுத்த வேண்டும் என்று மத்திய சர்க்கார் உத்தரவிட்டது. ரவீஷ் குமார் இரண்டு ஊமைக்கூத்துக் கலைஞர்களை அழைத்து வந்து பக்கத்தில் உட்காரவைத்தார். கேள்வி கேட்கக் கூடாது என்றால் பிறகு எப்படிப் பேசுவது என்று அவர்களிடம் கேட்டார். நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது.

இதற்கெல்லாம் கூலி கிடைக்காமல் போகுமா? கிடைத்தது. வசை வந்தது, கொலை மிரட்டல் வந்தது. 2019-ல் பிலிப்பைன்ஸின் ராமன் மக்சேசே விருதும் வந்தது. 1974-ல் எம்.எஸ். சுப்புலட்சுமிக்கும், 2007-ல் கிராமத்து வறுமையை எழுதிய பத்திரிகையாளர் சாய்நாத்துக்கும், 2016-ல் மலம் அள்ளும் கொடுமையை எதிர்த்துப் போராடும் பெஜவாடா வில்சனுக்கும் கிடைத்த அதே விருது. விருது வாங்கப்போன மணிலா நகரத்தில் அவர் சொன்னதன் சாரம் இது: எல்லாப் போரும் வெற்றிக்காக நடத்தப்படுவதில்லை, களத்தில் ஒருவன் நின்றான் என்று உலகத்துக்குத் தெரிவதற்காகவும் சில போர்கள் நடத்தப்படுகின்றன.

கடன் பத்திரம் கைமாறியது

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். விவசாயத் தோழர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். இதிலே வரும் சங்கதி உங்களுக்குப் புதிதல்ல.

ஒரு குடியானவன் கஷ்டத்துக்கு ஒருவரிடம் கடன் வாங்குகிறான். பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறான். 'கேட்கும்போது நிலத்தை எழுதிக் கொடுக்க வேண்டும்' என்ற ஒரு வரி அதிலே இருக்கிறது. பல வருஷம் யாரும் கேட்கவில்லை. குடியானவனும் உழுதுகொண்டே இருக்கிறான். ஒருநாள் அந்தப் பத்திரத்தை வேறொரு பெரிய மிராசுதார் விலைக்கு வாங்கிவிடுகிறார். மறுநாள் காலையில் வரப்பில் வந்து நிற்கிறார். "நிலத்தை எழுதிக்கொடு" என்கிறார்.

என்.டி.டி.வி.யில் நடந்தது ஏறக்குறைய இதுவே. ராய் தம்பதியின் பங்குகளை வைத்திருந்த ஒரு கம்பெனி, 2009-10-ல் விஸ்வபிரதான் என்ற கம்பெனியிடம் 400 கோடி ரூபாய்க்கு மேல் கடன் வாங்கியிருந்தது. வேண்டும்போது கடனைப் பங்காக மாற்றிக்கொள்ளலாம் என்பது பத்திரத்தின் ஷரத்து. 2022 ஆகஸ்டில் அந்த விஸ்வபிரதான் கம்பெனியை அதானி குழுமம் வாங்கியது. ஆகஸ்டு 23 அன்று, கடனைப் பங்காக மாற்றிக்கொள்வதாக அறிவித்தது. அதன் மூலம் என்.டி.டி.வி.யில் 29.18 சதவிகிதம் கைக்கு வந்தது. தங்களைக் கலக்காமலே, தங்கள் சம்மதம் இல்லாமலே இது நடந்தது என்று என்.டி.டி.வி. தெரிவித்தது. பிறகு கடைவீதியில் மற்றவர்களின் பங்கையும் வாங்கினார்கள். நவம்பர் 29-ல் ராய் தம்பதி அந்தக் கம்பெனியின் நிர்வாகத்திலிருந்து விலகினார்கள். நவம்பர் 30-ல் ரவீஷ் குமார் ராஜினாமா செய்தார். டிசம்பரில் ராய் தம்பதி தங்கள் பங்கில் பெரும்பகுதியையும் விற்றார்கள். அதானி குழுமத்தின் பங்கு 64 சதவிகிதத்தைத் தாண்டியது.

இருபத்தாறு ஆண்டு வேலை. ரவீஷ் குமாரை யாரும் அடிக்கவில்லை, சிறையில் தள்ளவில்லை. வீடு கைமாறியது, குடியிருந்தவர் வெளியேறினார். முதலில் நான் சொன்ன 'மேலே' என்பது இதுதான் தோழர்களே!

நியாயமாகப் பேச வேண்டும். கௌதம் அதானி அந்த நவம்பரில் ஓர் ஆங்கில ஏட்டுக்குப் பேட்டி அளித்தார். சர்க்கார் தவறு செய்தால் தவறு என்று சொல்வதுதான் சுதந்திரம். அதே சமயம் சர்க்கார் நல்லது செய்யும்போது அதைச் சொல்லும் தைரியமும் வேண்டும் என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நான் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். நம் கடற்கரையிலேயே, சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளி துறைமுகம் இருக்கிறது. 2018-ல் அது அதானி குழுமத்தின் கைக்குப் போயிற்று. அதை விஸ்தரிக்கும் திட்டத்தைப் பழவேற்காடு வட்டார மீனவர்கள் எதிர்த்தார்கள். துறைமுகம், மின்சாரம், நிலக்கரி, விமான நிலையம் எல்லாம் வைத்திருப்பவர் செய்திச் சானலையும் வைத்துக்கொண்டால், அந்த மீனவனின் வலையைப் பற்றி அந்தச் சானலில் யார் கேட்பது? கேட்க ஒருவர் துணிந்தாலும், அடுத்த நாளும் அதே நாற்காலியில் அவர் இருப்பார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

இது ஒரு முதலாளியின் குணத்தைப் பற்றிய பேச்சல்ல. 2014-ல் நெட்வொர்க்18 என்ற பெரிய செய்திக் குழுமத்தை ரிலையன்ஸ் தன் வசமாக்கியது. தமிழ்நாட்டிலோ 1993-ல் சன் டி.வி. வந்தது முதல், கட்சித் தலைவர்களின் குடும்பத்தாரும் உறவினரும் கட்சியை ஒட்டியவர்களும் நடத்தும் சானல்கள் வரிசையாக வந்தன. வீட்டுக்கு வீடு சர்க்காரே வண்ணப் பெட்டி கொடுத்த காலமும் 2006-க்குப் பிறகு வந்தது. பெட்டி இலவசமாக வந்தது. பெட்டிக்குள் பேசுகிறவன் யார் காசில் பேசுகிறான் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

அமெரிக்காவில் ஒரு மரோ

இது இந்தியாவில் மட்டும் நடப்பதா? இல்லை. டெலிவிஷன் வளர்ந்த அமெரிக்காவிலேயே எட்வர்ட் மரோ என்றொருவர் இருந்தார். சி.பி.எஸ். என்ற பெரிய கம்பெனியில் வேலை. மெக்கார்த்தி என்ற செனட்டர், கண்ணில் பட்டவர்களையெல்லாம் கம்யூனிஸ்டு என்று குற்றம் சாட்டி, வேலையைப் பறித்து, நாட்டையே நடுங்கவைத்த காலம் அது. 1954 மார்ச் 9 அன்று மரோ தம் நிகழ்ச்சியில் மெக்கார்த்தியின் பேச்சுகளையே காட்டி, அவருடைய முரண்பாடுகளை அம்பலப்படுத்தினார். மரோ இடதுசாரி அல்ல. நேர்மையான பத்திரிகையாளர், அவ்வளவே.

1960 நவம்பரில் அவர் காட்டியது நமக்கு இன்னும் நெருக்கமானது. அமெரிக்கர்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து விருந்துண்ணும் நன்றித் திருநாளுக்கு மறுநாள், விவசாயத் தொழிலாளர்களைப் பற்றி ஒரு படம் ஒளிபரப்பினார். ஊர் ஊராகப் போய்ப் பழமும் காய்கறியும் பறிக்கும் கூலிகள். விடியற்காலையில் லாரியில் ஆடுமாடுபோல ஏற்றப்படுகிறவர்கள். பறித்ததில் ஒரு வேளைச் சோற்றுக்குக்கூடக் காணாத கூலி வாங்குகிறவர்கள். நேற்று நீங்கள் உண்ட விருந்தைப் பறித்துக் கொடுத்தவர்கள் இவர்களே என்று சொல்லாமல் சொல்லியது அந்தப் படம்.

ஆனால் கதையின் அடுத்த பாதியையும் சொல்ல வேண்டும். 1961-ல் மரோ கம்பெனியை விட்டு விலகி, கென்னடி சர்க்காரின் பிரசார இலாகாவுக்குத் தலைவரானார். அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும், தாமே எடுத்த அந்தப் படத்தைப் பிரிட்டனில் ஒளிபரப்ப வேண்டாம் என்று பி.பி.சி.யைக் கேட்டுக்கொண்டார்! பி.பி.சி. கேட்கவில்லை, ஒளிபரப்பியது. அதே மனிதர், அதே படம். மாறியது நாற்காலி மட்டுமே. தனிமனிதனின் வீரத்தை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

சிலர் கேட்கும் கேள்விகள்

"ரவீஷ் குமார் ஆளுங்கட்சியைத்தானே எப்போதும் குறை சொல்கிறார், அவர் ஒரு பக்கம் சாய்ந்தவர்தானே" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். ஆளுகிறவரிடம்தான் போலீசும் கஜானாவும் இருக்கின்றன. வேலை கொடுக்கவும் பறிக்கவும் அவருக்கே அதிகாரம். கேள்வியும் அங்கேதான் போக வேண்டும். மேஸ்திரியின் கணக்கைத்தான் சரிபார்ப்போம். கூலிக்காரனின் சட்டைப் பையையா சோதிப்போம்? அவர் சொல்வதெல்லாம் வேதம் என்று நான் சொல்லவில்லை. அவரும் தவறலாம். தவறினால் அவரையும் கேட்போம்.

இன்னொரு கேள்வி: "அவரும் ஒரு முதலாளி நடத்திய சானலில்தானே இத்தனை வருஷம் சம்பளம் வாங்கினார்?" உண்மைதான். அந்த வீட்டின் சொந்தக்காரர்கள் அவரைப் பேசவிட்டார்கள். அது அவர்களுக்குப் பெருமை. ஆனால் வீடு கடனில் நின்றது. கடனில் நிற்கும் வீட்டில் சுதந்திரத்துக்கும் தவணை உண்டு. ரவீஷ் குமாரின் வாழ்க்கையிலிருந்து நாம் படிக்க வேண்டிய பாடம் அவர் வீரர் என்பது மட்டுமல்ல. வீரருக்கும் ஓர் இடம் வேண்டும், அந்த இடம் யாருடையது என்பதைப் பார்க்க வேண்டும் என்பதே பாடம்.

இப்போது அவர் யூடியூபில் தாமே சானல் வைத்துப் பேசுகிறார். லட்சோபலட்சம் பேர் பார்க்கிறார்கள். ஆனால் யூடியூபும் அமெரிக்கக் கம்பெனியின் சொத்து. 2025 செப்டம்பரில், அதானி குழுமம் தொடர்ந்த வழக்கில் ஒரு கோர்ட்டு பிறப்பித்த இடைக்கால உத்தரவைக் காட்டி, அந்தக் குழுமத்தைப் பற்றிய பல வீடியோக்களை நீக்கும்படி மத்திய சர்க்கார் நோட்டீசு அனுப்பியது. நோட்டீசு பெற்றவர்களில் ரவீஷ் குமாரும் ஒருவர். வீட்டை விட்டு வெளியே வந்தவரைத் தெருவிலும் துரத்துகிறார்கள்!

நாம் என்ன செய்வது?

நம் பழைய செங்கற்பட்டு ஜில்லாவின் துள்ளம் கிராமத்தில் பிறந்தவர் திரு.வி.க. 'தேசபக்தன்' பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தவர். அவர் ஆபீசில் உட்கார்ந்து எழுதுவதோடு நிற்கவில்லை. பின்னி ஆலைத் தொழிலாளர்களோடு போய் நின்றார். 1918-ல் அமைந்த சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் வாடியாவோடு சேர்ந்து உழைத்தார். எழுதுகிறவனும் உழைக்கிறவனும் சேர்ந்து நிற்பது நம் மண்ணுக்குப் புதிதல்ல.

நமக்கும் ஓர் ஏடு இருக்கிறது. அது யார் பக்கம் என்பதை மறைப்பதில்லை. சொந்தக்காரன் யார் என்று கேட்டால், சந்தா கட்டுகிற உங்களைக் கைகாட்டலாம். ஆனால் நம் பக்கத்து ஏடு என்பதற்காக அதிலே எழுதுவதெல்லாம் சரியாகிவிடுமா? இல்லை. என் குற்றத்தையே சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கிராமத்தில் கூலிப் பேச்சுவார்த்தை நடந்தது. முடிந்ததும் போனில் விசாரித்தேன். "ஐம்பது ரூபாய் ஏறிவிட்டது" என்றார்கள். 'விவசாயத் தொழிலாளர் அனைவருக்கும் ஐம்பது ரூபாய் கூலி உயர்வு' என்று எழுதி அனுப்பிவிட்டேன். ஏட்டிலும் வந்தது. அடுத்த வாரம் அந்த ஊருக்குப் போனேன். நாற்று முடி கட்டிக்கொண்டிருந்த ஓர் ஆயா என்னைக் கூப்பிட்டார். எழுத்து தெரியாதவர். பேத்தியை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். "இன்னா தம்பி, எங்க கூலி உன் பேப்பர்ல மட்டும் ஏறிடுச்சா? ஆம்பளைக்குத்தான் அம்பது. எங்களுக்கு ஒரு ரூபாகூட ஏத்தல. பண்ணைக்காரரு உன் பேப்பரையே காட்டி, 'ஏறிடுச்சுன்னு போட்டிருக்கே, அப்புறம் இன்னா'ன்னு கேக்கறாரு" என்றார்.

தோழர்களே, எனக்கு நாக்கு எழவில்லை. என் செய்தியை முதலாளி யாரும் வெட்டவில்லை. மேலேயிருந்து யாரும் மிரட்டவில்லை. நானே ஒரு பெண்ணையும் கேட்காமல் எழுதினேன். அந்த வாரமே தவறைத் திருத்தி எழுதினோம். பிறகு பெண்களே முன்னால் நின்று பேசி, அவர்களுக்கும் கொஞ்சம் ஏறியது. ஆனால் அந்த ஒரு வாரம் நான் பண்ணையார் பக்கத்தில் நின்றிருந்தேன் என்பதை மறக்க முடியாது. நல்ல எண்ணம் மட்டும் போதாது. கேட்க வேண்டும், சரிபார்க்க வேண்டும். சம்பாரணில் அன்று செய்தது போல.

இதனால் உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது மூன்று.

முதலாவது: எந்தச் செய்தியைப் பார்த்தாலும், இதைச் சொல்கிறவன் யாருடைய வீட்டில் குடியிருக்கிறான் என்று கேளுங்கள். போனில் வரும் வீடியோவுக்கும் இது பொருந்தும். யார் சொன்னது, எங்கே நடந்தது, என்று நடந்தது என்று தெரியாத எதையும் அடுத்தவருக்குத் தள்ளிவிடாதீர்கள். குறிப்பாக இன்ன ஜாதிக்காரன், இன்ன மதத்துக்காரன் என்று ஆத்திரமூட்டி வருவதை நிறுத்திவைத்துக் கேளுங்கள். அந்த ஆத்திரத்தால் ஆதாயம் அடைகிறவன் யார் என்று பாருங்கள்.

இரண்டாவது: ஒரு நிருபர் நம் செய்தியைச் சரியாகச் சொன்னால் அவருக்கு இரண்டு வரி எழுதுங்கள். 2024-ல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்ற அவர்கள் கோரிக்கை உலகப் பத்திரிகைகளிலெல்லாம் வந்தது. ஆங்காங்கே ஒரு நிருபர் வெயிலில் நின்று, தொழிலாளி சொன்னதைக் கேட்டு எழுதியதால் வந்தது. அந்த நிருபரும் கூலிக்காரர்தான். நம்மைப் போல மாதக் கடைசியில் கடன் வாங்குகிறவர்தான். அவரைத் திட்டுவது சுலபம். அவர் துணிந்து நிற்கும்போது தனியாக விடக் கூடாது.

மூன்றாவது, முக்கியமானது: நீங்களே எழுதுங்கள். நம் ஊர் என்ன சாதாரண ஊரா? ஒருபுறம் சிறுசேரியில் கண்ணாடிக் கட்டடங்கள். மறுபுறம் ஏரிப்பாசன வயல்கள் மனைக்கட்டாக மாறிக்கொண்டு வருகின்றன. நேற்று நாற்று நட்ட கை இன்று அந்தக் கண்ணாடியைத் துடைக்கப் போகிறது. அந்தக் கைக்கு என்ன கூலி, எத்தனை மணி நேரம், பி.எப். உண்டா, இல்லையா? இதை எந்தச் சானல் வந்து கேட்கப்போகிறது? உங்களுக்குத் தெரியும், எழுதுங்கள். தேதி போடுங்கள், இடம் போடுங்கள், கூலியைக் கணக்காகப் போடுங்கள். எழுதத் தெரியாதவர் அந்த ஆயாவைப் போலப் பேத்தியை விட்டு எழுதச் சொல்லுங்கள். தவறாக நாங்கள் எழுதியிருந்தால் அதையும் எழுதிக் கண்டியுங்கள்.

ரவீஷ் குமார் கடிதம் பிரிக்கும் மேசையிலிருந்து புறப்பட்டார் என்று சொன்னேன். அந்த மேசையில் கடிதம் வந்து விழுந்திராவிட்டால் அவர் எதைப் பிரித்திருப்பார்? சர்வகலாசாலை மாணவனும், பாங்கு ஊழியனும், வேலைக்குக் காத்திருந்த இளைஞனும் எழுதியதால்தான் இரவு ஒன்பது மணிக்கு அவருக்குக் கேட்பதற்குக் கேள்வி இருந்தது.

கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். பஸ்ஸுக்கு நேரமாகிறவர்கள் ஊர்ப் பெயரையும், சொல்ல வேண்டிய விஷயத்தை ஒரு வரியிலும் எழுதிவிட்டுப் போங்கள். நான் நேரில் வந்து கேட்டுக்கொள்கிறேன். இந்தமுறை பெண்களிடமும் கேட்பேன்.